நாமகரண வள்ளல்கள்

எழுதப் படிக்கத் தெரியாத ஏழை எளியோர் மீது நம் மத்திய சர்க்கார் பெருமக்கள் பொழியும் பேரன்புக்குக் கரை கிடையாது. சான்று கேட்பவர், அவர்களுக்காகச் சூட்டப்பட்ட திருநாமங்களை எண்ணிப் பார்த்தால் போதும். 1978 காந்தி ஜயந்தியன்று தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம் அவதரித்தது. ஐந்தே ஆண்டில் 10 கோடிப் பேரைக் கரையேற்றுவதாகச் சங்கற்பம். 1988-ல் தேசிய எழுத்தறிவு இயக்கம்; 1995-க்குள் 8 கோடிப் பேர். 2009-ல் சாக்ஷர் பாரத், தமிழில் கற்கும் பாரதம். 7 கோடிப் பேர். 2020-ல் படனா லிக்னா அபியான், நம் ஊரில் கற்போம் எழுதுவோம் இயக்கம். அடக்கத்தின் சிகரமாக 57 லட்சம் பேர். 2022-ல் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், செல்லப் பெயர் உல்லாஸ். கேட்ட மாத்திரத்தில் குற்றாலத்துக்கு மூட்டை கட்டத் தோன்றும் திருப்பெயர்! திருமாலே இத்தனை வேகத்தில் அவதாரம் எடுத்ததில்லை.

பெயர் மாற்றுவது சுலபம் என்று பாமரர் நினைப்பார்கள். புதிய பலகை, புதிய முத்திரை, புதிய லெட்டர்பேடு, குத்துவிளக்கு ஏற்றப் புதியதொரு மேடை, பழைய பெயர் அச்சடித்த பயிற்சி நூல்களைப் பத்திரமாக மூடி வைக்கப் புதியதொரு அறை என்று இதில் உள்ள உழைப்பு எழுத்தறிவிக்கும் உழைப்புக்கு எள்ளளவும் குறைந்ததன்று. வயது வந்தோர் கல்வி என்ற பழம்பெயரையே ஒதுக்கிவிட்டு, அனைவருக்கும் கல்வி என்று இப்போது அழைக்கிறார்கள். எழுபது வயதுப் பாட்டிக்கு இதைவிட என்ன மரியாதை செய்துவிட முடியும்? இரு அவதாரங்களுக்கு நடுவே சற்று ஓய்வும் அவசியம் அல்லவா? கற்கும் பாரதம் 2018 மார்ச் 31 அன்று நடை சாத்தியது. அடுத்தது 2020-ல்தான் திறந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் தேசம் மௌன விரதம் காத்தது. கற்றது எவ்வளவு மறந்திருக்கிறது என்று கற்றவர்கள் சோதித்துக்கொள்ள வாய்த்த புண்ணிய காலம் அது.

ஈகையைச் சொல்லாமல் விட்டால் பாவம் சேரும். புதிய பாரதத் திட்டத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மத்திய, மாநிலப் பங்குகள் சேர்த்து ஒதுக்கப்பட்ட பெருநிதி 1,037 கோடியே 90 லட்சம் ரூபாய். இலக்கு 5 கோடிப் பேர். வகுத்துப் பார்த்தால் தலைக்கு 207 ரூபாய் 58 காசு. எழுத்து, எண், வாழ்க்கைத் திறன், தொழிற்பயிற்சி, பன்னிரண்டாம் வகுப்பைத் தொடும் அடிப்படைக் கல்வி, அதன்பின் ஆயுள் முழுவதும் தொடர்கல்வி, எல்லாம் இதற்குள் அடக்கம். நகரத்துச் சினிமாக் கொட்டகையில் ஒரு டப்பா பாப்கார்ன் வாங்கும் காசில் ஒரு மனிதப் பிறவியைக் கடைத்தேற்றும் இந்தச் சிக்கனத்தைக் கண்டால் குபேரனே கணக்குப்பிள்ளை வேலைக்கு மனுப் போடுவான். அந்த 58 காசை விட்டுவிடாமல் சேர்த்த நேர்மைக்குத் தனியாக ஒரு கும்பிடு.

இந்தச் சிக்கனத்தின் சூட்சுமம் எது என்றால், கற்றுத் தருபவருக்குச் சம்பளம் கிடையாது. முன்பு கற்கும் பாரதத்தில் ஊராட்சிக்கு இரண்டு ஊக்குநர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் என்னும் கண்ணைப் பறிக்கும் மதிப்பூதியம். அந்தச் செல்வம் அவர்களைக் கெடுத்துவிடக் கூடாதே என்ற தாயுள்ளத்தோடு, பல மாநிலங்களில் மாதக்கணக்கில் அதைக் கொடுக்காமல் பாதுகாத்தும் பார்த்தார்கள். நன்றி கெட்ட ஊக்குநர்களோ பாக்கி கேட்டுப் போராட்டத்தில் இறங்கினார்கள். இனி அந்தத் தொல்லை இல்லை. தன்னார்வலர் என்னும் தூய பிறவி வந்துவிட்டது. அவருக்குக் கடமையுணர்வே கூலி, சான்றிதழே போனஸ். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட மாலையில் புத்தகப் பையை இறக்கி வைத்துவிட்டு இந்தக் கடமையை ஆற்றலாம். கூலி வாங்காமல் நடத்தத் தகுந்த அரசாங்க வேலை எழுத்தறிவித்தல் ஒன்றுதான் என்று கண்டறிந்த ஞானதிருஷ்டியை எந்தச் சொல்லால் புகழ்வது? இயக்குநர், இணை இயக்குநர், ஆலோசகர் ஆகிய பதவிகளுக்கு இந்தப் பாக்கியம் இன்னும் நீட்டிக்கப்படவில்லை என்பது உண்மைதான். கடைநிலைத் தொண்டரைத் தீண்டிவிடாதபடி ஊதியம் என்னும் களங்கத்தை அந்தப் பெரியோர்கள் மாதந்தோறும் தாமே ஏற்றுக்கொள்கிறார்கள்.

அடுத்தது செயலி. 2023 ஜூலையில் உல்லாஸ் செயலி உலகுக்கு அருளப்பட்டது. எழுத்தறியாதவர், கணக்கெடுப்பவரின் துணைகொண்டோ தாமாகவேயோ அதில் பதிவு செய்துகொள்ளலாம். தாமாகவே என்பதை அன்பர்கள் மறுபடியும் ஒருமுறை படித்து இன்புற வேண்டும். படிக்கத் தெரியாதவர் ஸ்மார்ட்போன் வாங்கி, செயலியை இறக்கி, திரையில் கேட்டதை எல்லாம் வாசித்து நிரப்பி, படிக்கத் தெரியாதவராகத் தம்மைப் பதிவு செய்துகொள்வது! இத்தனையையும் பிழையின்றி முடித்தவருக்கு அங்கேயே பட்டம் கொடுத்து அனுப்பிவிடலாமே, தேர்வு எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். பண்பாடு அறியாதவர்கள். 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 33 வந்தால் தேர்ச்சி. கருணைக் கடல் இதைவிட ஆழமாக இருக்க முடியாது.

இந்தப் புதுப்பித்தலின் உண்மையான மகிமை விளங்க வேண்டுமானால், இதற்கு முன் நாடு எத்தகைய ஆபத்தில் இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்று ஓர் எழுத்தறிவு இயக்கம் நடந்தது. அது கிட்டத்தட்ட ஒழுங்கீனம். கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் பாட்டுப் பாடிப் போயின. வயல் வேலையும் கல் குவாரி வேலையும் முடித்த பெண்கள் இரவில் விளக்கு வைத்துக்கொண்டு கூட்டமாக உட்கார்ந்தார்கள். புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் என்னும் கலெக்டர் எழுத்தோடு நிறுத்தாமல் சைக்கிளையும் பாடத்தில் சேர்த்துவிட்டார். விளைவு? ஆயிரக்கணக்கான பெண்கள் புருஷனையும் அண்ணனையும் எதிர்பாராமல் தாமாகவே சந்தைக்குப் போனார்கள், தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார்கள், குவாரியில் கூலிக்கு உடைத்தவர்கள் குத்தகைக்கே எடுத்தார்கள். கல்விக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நெல்லூர் மாவட்டத்தில் நடந்தது இன்னும் கொடுமை. தூபகுண்டா என்னும் கிராமத்துப் பெண்கள், எழுத்துக் கூட்டிப் படிக்கும் பாடப் புத்தகத்தில் சாராயக் கடையை எதிர்த்த பெண்களின் கதையைப் படித்தார்கள். படித்தால் படித்துவிட்டுத் தூங்க வேண்டியதுதானே? 1992-ல் எழுந்து போய்த் தங்கள் ஊர்ச் சாராயக் கடையை மூடினார்கள். அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் தொற்றிக்கொண்டது. சாராய ஏலங்கள் தடுக்கப்பட்டன. 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்யும்படி ஆயிற்று. ஒரே ஒரு பாடம், மாநில கஜானாவில் எத்தனை பெரிய ஓட்டை! டாஸ்மாக் அன்னையின் திருவடி நிழலில் வாழும் நாம் இதை நினைத்தால் உடல் நடுங்குகிறது.

அந்த விபத்து மறுபடி நிகழாதபடி கல்வியைச் செப்பனிட்ட சிற்பிகளுக்குக் கோயில் கட்டினாலும் தகும். கூட்டம் கூடினால்தானே பேச்சு வரும், பேச்சு வந்தால்தானே கேள்வி வரும்? இன்று கற்பவர் தம் வீட்டு மூலையில் கைபேசித் திரையைப் பார்த்துத் தன்னந்தனியாகக் கற்கலாம். அவர் யாரோடு சேர்ந்து எதை மறிக்கப் போகிறார்? வாழ்க்கைத் திறன் என்ற பகுதியில் வங்கிக் கணக்கும் டிஜிட்டல் பணப் பரிமாற்றமும் சொல்லித் தருகிறார்கள். பணம் அனுப்பத் தெரிந்தவர் பணம் ஏன் வரவில்லை என்று கேட்கத் தெரியாமல் இருப்பதே அடக்கத்தின் அழகு.

எண்ணிக்கை சாஸ்திரத்தில் நிகழ்ந்த புரட்சியையும் போற்றிவிட வேண்டும். 2024 ஆகஸ்டில் கல்வி அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிய மடலில், 95 விழுக்காடு எட்டினால் அதை முழு எழுத்தறிவுக்குச் சமமாகக் கொள்ளலாம் என்று அருளியது. நம் கணித முன்னோர்கள் பூஜ்யத்தோடு நின்றுவிட்டார்கள். இவர்கள் ஐந்தையும் பூஜ்யமாக்கிக் காட்டினார்கள். 2025-ல் மிசோரம், கோவா, திரிபுரா என்று முழுமை பெற்ற மாநிலங்கள் வரிசையாக முளைத்தன. நூற்றில் மிச்சமிருக்கும் ஐந்து பேரும் முழுமைக்குள் அடங்கிவிட்டதால் அவர்களுக்குத் தனியாகக் கற்பிக்கும் சிரமமும் இல்லை.

மொத்தம் எத்தனை பேர் என்று கேட்கும் குதர்க்கவாதிகளுக்கும் விடை உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி 15 வயதுக்கு மேற்பட்ட எழுத்தறியாதோர் 25.76 கோடி. கற்கும் பாரதத்தில் சான்றிதழ் பெற்றோர் 7.64 கோடி. கழித்தால் 18.12 கோடி. இடையில் பதினைந்தைத் தொட்டவர், இறந்தவர், கற்றதை மறந்தவர் ஆகியோர் கணக்கைக் கெடுக்காமல் ஒதுங்கி நின்றார்கள். 2021-ல் மக்கள்தொகைக் கணக்கு எடுத்திருந்தால் இந்தத் தெளிவு குலைந்திருக்கும், எடுக்கவில்லை. 2027 வரை நிம்மதி. 5 கோடிப் பேருக்கு உல்லாஸ். மீதிப் பதின்மூன்று கோடிச் சொச்சம் பேர் அடுத்த திருநாமத்துக்கென்று பத்திரமாகச் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறார்கள்.

இத்தனையும் ஒருபுறம் இருக்க, கைநாட்டு என்னும் இழிவை அரசு சத்தமில்லாமல் துடைத்துவிட்டதை யாரும் பாராட்டக் காணோம். அந்தக் காலத்தில் எழுதத் தெரியாதவர்தான் பெருவிரலில் மை தடவிக்கொண்டு தலைகுனிந்து நின்றார். இன்று ரேஷன் கடைக்குப் போனால் எம்.ஏ. படித்தவரும் எழுத்தறியாத பாட்டியும் ஒரே இயந்திரத்தில் ஒரே மாதிரி விரல் வைக்கிறார்கள். கற்றவரையெல்லாம் கைநாட்டாக்கிச் சமத்துவம் கண்ட அரசு வேறு எங்கே உண்டு? களையெடுத்தும் பாத்திரம் தேய்த்தும் ரேகை அழிந்துபோன விரல் என்றால் மட்டும் இயந்திரம் திணறுகிறது. பாட்டி துடைத்துத் துடைத்து வைத்தாலும் அதற்குப் படிக்க வரவில்லை. அதையும் உல்லாஸில் சேர்த்துவிட வேண்டியதுதான். நூற்றுக்கு 33 எடுத்தால் போதுமே.