கறுப்பு வீல் கனவான்

ஃப்ரீமாண்ட் நகரத்தில் மின்சாரக் கார் வைத்திருப்பது ஒரு பெருமையே அல்ல. ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டாக நடத்திவந்த தொழிற்சாலையை 2010-இல் டெஸ்லா வாங்கியதிலிருந்து, அங்கே பிறக்கிற வண்டிகளில் கணிசமானவை தொலைதூரம் போவதில்லை. நாலு தெரு தள்ளி ஏதாவது ஒரு மென்பொருள் பொறியாளர் வீட்டு வாசலிலேயே நின்றுவிடுகின்றன. சந்தேகமிருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை லிவர்மோர் சிவா-விஷ்ணு கோவிலுக்குப் போய்ப் பாருங்கள். தரிசனம் முடிந்து வெளியே வந்தால் செருப்பு உடனே கிடைத்துவிடும். வெள்ளை மாடல் 3 வரிசையில் நம்முடையது எது என்று கண்டுபிடிப்பதற்குள்தான் பிரசாதம் ஆறிவிடும்.

இந்தக் கூட்டத்தில் தன் வண்டி மட்டும் தனியாகத் தெரியவேண்டும் என்று வீலுக்குக் கறுப்புப் பவுடர் கோட்டிங் அடித்தவர்தான் நம் கனவான். அடித்து இரண்டு வருஷம் ஆகிறது. அதற்குள் ஊரில் பாதிப் பேர் வீலைக் கறுப்பாக்கிவிட்டார்கள். இவர் மனம் நொந்து வெண்கல நிறத்தில் வேறு செட் வாங்கி மாட்டிக்கொண்டார். பழைய நாலும் இப்போது விற்பனைக்கு.

அதைப் பெயிண்ட் என்று மட்டும் வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள். பழைய பூச்சை ரசாயனத்தில் ஊறவைத்து உரித்தது, பொடிமணல் வீசிச் சுத்தம் செய்தது, காய்ந்த பவுடருக்கு மின்னேற்றம் கொடுத்துத் தெளித்தது, பிறகு சுமார் 200 டிகிரி செல்சியஸ் அடுப்பில் வைத்துப் பவுடரை உருக்கி ஒரே தோலாக இறுக வைத்தது என்று முழு வரலாறும் வரும். இதில் அவருடைய பங்கு, வீலைக் கடையில் இறக்கிப் போட்டதும் பணம் கட்டியதும்தான். ஆனாலும் “நாங்க முதல்ல பழைய கோட்டை உரிச்சோம்” என்று பன்மையில்தான் ஆரம்பிப்பார். அடுப்புக்குள்ளேயே உட்கார்ந்திருந்தவர் மாதிரி வேர்வையும் துடைத்துக்கொள்வார்.

அந்தப் பதினெட்டு அங்குல வீலுக்கு மேலே கம்பெனிக்காரன் ஒரு பிளாஸ்டிக் மூடி கொடுத்திருந்தான். காற்றின் இழுவையைக் குறைத்து, ஒரு சார்ஜில் இன்னும் கொஞ்சம் தூரம் ஓடட்டும் என்று. கோட்டிங் தெரியவேண்டுமே என்று அந்த மூடிகளை இவர் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார். லாஸ் ஏஞ்சலஸ் போகும்போது ரேஞ்ச் குறைகிறது என்று வழியெல்லாம் புலம்புகிறவரும் இவரே.

விளம்பரம் போட்டாயிற்று. படங்கள் எல்லாம் சாயங்கால வெயிலில், புல்தரையில், சாய்த்தும் நிமிர்த்தியும் எடுத்தவை. இந்த வீட்டுப் பிள்ளைகளின் பட்டமளிப்புக்குக்கூட இத்தனை படம் எடுத்திருக்க மாட்டார்கள். நடைபாதை விளிம்பில் உரசிய தழும்பு மட்டும் வெகு தூரத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று கேட்டால், வண்டி தானாகவே பார்க் செய்துகொண்டபோது நடந்தது என்பார். அந்த வண்டியின்மேல் அவர் வாயிலிருந்து வந்த ஒரே குற்றச்சாட்டு இது என்பதால் நானும் நோண்டிக் கேட்கவில்லை. விளம்பரத்தின் கடைசி வரி பெரிய எழுத்தில்: பேரம் பேசுகிறவர்கள் தயவுசெய்து வரவேண்டாம், பொருளின் மதிப்பு எனக்குத் தெரியும்.

மதிப்பு ஆயிரத்து இருநூறு டாலர். வீல் விலை, கோட்டிங் செலவு, டயர், கழற்றி மாட்டிய கூலி, கடைக்குப் போய்வந்த இரண்டு சனிக்கிழமைகள் எல்லாம் கூட்டலில் இருக்கின்றன. தேய்மானம் என்று ஒரு கழித்தல் உண்டு என்பதை எக்ஸெல் அவருக்குச் சொல்லவில்லை.

முதல் வாரம் “இன்னும் இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்கள் வந்தார்கள். அது பொத்தானை அமுக்கினால் தானாகப் போகிற கேள்வி என்று தெரிந்தும், ஒவ்வொருவருக்கும் ஒரு பத்தி பதில் எழுதினார். அடுத்து மாடல் எஸ் வைத்திருக்கிற ஒருவர். அதன் போல்ட் வட்டம் 120 மில்லிமீட்டர், இது 114.3, பொருந்தாது. பிறகு ஒருவர், ஹோண்டா அக்கார்டுக்கு மாட்டலாமா என்றார். நியாயமான கேள்விதான். அதற்கும் ஐந்து போல்ட், அதே 114.3, நடுத்துளையும் அதே 64.1. நட்டு அளவில் வித்தியாசம் உண்டு. ஆனால் நம் கனவானுக்கு முகம் சிவந்துவிட்டது. பெட்ரோல் வண்டியிலா? “சாரி பாஸ், செட் ஆகாது” என்று முடித்துவிட்டார். ஜாதகம் பார்த்துத் திருப்பி அனுப்புகிற அதே குரல்.

டயர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கேட்டவர்களும் உண்டு. இந்த ஊரில் ஒரு சென்ட் நாணயத்தைத் தலைகீழாகப் பள்ளத்தில் செருகுவார்கள். லிங்கன் தலை முழுசாகத் தெரிந்தால் டயர் குப்பைக்கு. இவர் டயரில் லிங்கனுக்கு நெற்றி வரைக்கும் மறைந்தது. அதையும் படமெடுத்துப் போட்டிருக்கிறார், லிங்கனே சாட்சி சொல்கிற மாதிரி.

பிறகுதான் ஹேவர்டிலிருந்து அந்தக் கிழவர் வந்தார். ஓய்வு பெற்ற மெக்கானிக். பிரசங்கம் ஆரம்பிப்பதற்குள்ளேயே முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். பளபளப்பை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. நட்டு உட்காருகிற குழிகளுக்குள் விரலை விட்டுத் தடவினார். இங்கேயும் பவுடர் ஏறியிருக்கிறதே, கோட்டிங் அடிக்கும்போது இதை மறைத்து ஒட்டியிருக்க வேண்டாமா என்றார். முறுக்கி இறுக்கும்போது அந்தப் பூச்சு நசுங்கும், பிறகு நட்டின் பிடி தளரும், நூறு மைலில் ஒருதரம் இறுக்கிப் பார்க்கவேண்டிவரும் என்றார். வீலைத் திருப்பிப் போட்டு, டார்ச் அடித்து உட்புறம் முழுக்கப் பார்த்தார். கடைசியில் ஒரே கேள்வி: இதற்கடியில் எதை மறைத்திருக்கிறீர்கள்?

இவர் நெஞ்சைத் தொட்டு, ஒன்றுமில்லை, அழகுக்காகத்தான் என்று சொன்னார். உண்மையும் அதுதான். ஆனால் கிழவருக்கு அது தெரிய வழியில்லை. விரிசலை ஒட்டவைத்து மேலே கறுப்பு அடித்த வீல்களை அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறார். எழுநூறு தருகிறேன், கோட்டிங் இல்லாமல் இருந்தால் எண்ணூறு தந்திருப்பேன் என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அன்று ராத்திரி கனவான் சாப்பிடவில்லை. கூட்டலில் அறுநூறு டாலராக நிற்கிற கோட்டிங், இன்னொருத்தன் கணக்கில் நூறு டாலர் கழித்தலாக இருக்கிறது என்றால் எந்தப் பொறியாளருக்குத்தான் சோறு இறங்கும்? எனக்கு ஃபோன் செய்து முக்கால் மணி நேரம் பேசினார். “காசு போனாப் போகட்டும் ஜி. ஆனா எதை மறைச்சீங்கன்னு கேட்டுட்டான் பாருங்க.” மறுநாள் விளம்பரத்தில் விலை குறையவில்லை. புதிதாக ஒரு வரி ஏறியிருந்தது: இந்த வீல்களின் அருமை தெரிந்தவர்கள் மட்டும் தொடர்புகொள்ளவும்.

வீட்டு அம்மாளுக்கு அருமை தெரியவே தெரியாது. ஆளுக்கு இருபது கிலோவாக நாலு வீலும் கராஜில் அரிசி மூட்டைக்கும் கொலு படிக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கின்றன. நவராத்திரிக்குள் இவை போகாவிட்டால் மேல்படியில் வைத்துக் குங்குமம் இட்டுவிடுவேன் என்று எச்சரிக்கை வந்தாயிற்று.

போன சனிக்கிழமை ஒரு பையன் வந்தான். கோயம்புத்தூர் பக்கம். புது வேலை, பழைய மாடல் 3. பிரசங்கம் முழுவதையும் நின்ற இடத்திலேயே நின்று கேட்டான். மணல் வீசிய இடத்தில் “ஓ” என்றான், அடுப்பு வந்தபோது “சூப்பர்ணா” என்றான். நட்டுக் குழிப் பக்கம் திரும்பவேயில்லை. கிழவர் சொன்னதை நான் நினைவுபடுத்தியதும், கனவான் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குழியைச் சுரண்டித் தரும் செலவு தன்னுடையது என்றார். பையன் ஃபோனை எடுத்தான்.

“ஆயிரத்து எரநூறுதானுங்ணா? இப்பவே அனுப்பிர்றேன்.”

கனவான் முகத்தில் அப்படியொரு கலவரத்தை நான் பார்த்ததில்லை. ஒரு டாலர்கூடக் குறைத்துக் கேட்கவில்லையே! அப்படியென்றால் விலையைக் குறைவாகப் போட்டுவிட்டோமா? ஆயிரத்து ஐந்நூறுக்குப் போயிருக்குமா? பேரம் பேசாதவனிடம் எதைக் கொண்டு மறுப்பது? டயர் நல்ல டயர் என்றார். பையன் சரி என்றான். பழைய மூடி நாலும் தனி விலை என்றார். அதற்கும் சரி என்றான். கடைசியில் வேறு வழி தெரியாமல், அந்த வீட்டில் இதுவரை யாரும் கேட்டிராத ஒரு வாக்கியத்தைச் சொன்னார்.

“ஒரு நாள் டைம் குடு தம்பி. வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்.”

“கேக்கவே வேண்டாங்க” என்று உள்ளிருந்து பதில் வந்தது. நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் அம்மாள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, முதல் வீலைப் பையனுடைய வண்டிவரை உருட்டியாகிவிட்டது.