எட்டுக் குருவி, ஒரு திமிங்கலம்

2006-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஓடியோ என்றொரு கம்பெனி ஈயோட்டிக்கொண்டிருந்தது. பாட்காஸ்ட் வியாபாரம். முந்தின வருஷம்தான் ஆப்பிள் தன் ஐட்யூன்ஸுக்குள்ளேயே பாட்காஸ்ட்டைச் சேர்த்திருந்தது. பெரிய கடை கொசுறாகக் கொடுப்பதைச் சின்னக் கடையில் போய் யார் வாங்குவார்கள்? சும்மா இருந்த கைகள், "டீ குடிக்கிறேன்", "தூக்கம் வருகிறது" என்பது போன்ற உலக முக்கியச் செய்திகளை ஊருக்கே அறிவிக்க ட்விட்டர் என்றொரு தளத்தைச் சட்டுப்புட்டென்று கட்டின. மார்ச் 21-ல் அங்கே வேலை பார்த்த ஜாக் டோர்ஸி முதல் ட்வீட்டைப் போட்டார்.

சட்டுப்புட்டென்று கட்ட முடிந்ததற்குக் காரணம் ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற மென்பொருள் சட்டகம். டேவிட் ஹைனமையர் ஹான்சன் என்ற டென்மார்க்காரர், பேஸ்கேம்ப் என்ற மென்பொருளுக்குக் கட்டிய சாரத்தைத் தனியே பிரித்து 2004-ல் ஊருக்குத் தானம் செய்தது. அதற்கும் அடியில் இருப்பது ரூபி. நிரல் எழுதுகிறவன் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று ஜப்பானின் யுகிஹிரோ மாட்ஸுமோட்டோ உருவாக்கிய மொழி. சர்வரின் சந்தோஷம் பற்றி அவர் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை.

2007 மார்ச்சில் ஆஸ்டின் நகரத் திருவிழா ஒன்றில் ட்விட்டர் பற்றிக்கொண்டது. நாளுக்கு 20,000 ட்வீட் என்றிருந்தது 60,000 ஆனது. அடுத்த மாதமே ட்விட்டர் பொறியாளர் அலெக்ஸ் பெய்ன் ஒரு பேட்டியில் ரெயில்ஸைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ள, ஹான்சன் பதிலுக்கு வரிந்துகட்ட, "ரெயில்ஸ் தாங்காது" என்ற பேச்சு ஊரெல்லாம் பரவியது. ரெயில்ஸில் ஒரு வரிகூட எழுதாதவர்கள்தான் இதை அதிகம் சொன்னார்கள்.

அப்போது ட்விட்டர் சமையலறையில் என்ன இருந்தது தெரியுமா? ரெயில்ஸ் பிரதிகள் 180. அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு மைஎஸ்கியூஎல் தரவுத்தளப் பெட்டி. பந்தியில் பரிமாற 180 பேர் வாளியோடு நிற்கிறார்கள், உள்ளே சாம்பார் அண்டா ஒன்றுதான். பக்கத்தில் இரண்டாவதாக ஒரு பெட்டி இருந்தது. அது கணக்குப்பிள்ளை, புள்ளிவிவரம் பார்க்கும், அடுப்பைத் தொடாது. சாம்பார் வரவில்லை என்றதும் பந்தி மொத்தமும் எழுந்து திட்டியது வாளியை.

இந்தத் தட்டுப்பாட்டுக்கு ட்வீட் என்ற பலகாரத்தின் தன்மையும் ஒரு காரணம். சாதாரண இணையதளத்தில் நீங்கள் எழுதுவது ஓரிடத்தில் கிடக்கும், வேண்டியவர் வந்து படிப்பார். இங்கே நடிகர் ஆஷ்டன் கட்சர் 2009 ஏப்ரலில் சி.என்.என்.-ஐ முந்திக்கொண்டு முதல் ஆளாகப் பத்து லட்சம் பேரைப் பின்னால் சேர்த்தார். அவர் தும்மினால் பத்து லட்சம் வீட்டுக் கதவைத் தட்டி "தும்மிவிட்டார்" என்று சொல்லியாக வேண்டும். இது தபால் இலாகா வேலை. கட்டியதோ தெருமுனைக் கரும்பலகை. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

சரி, ரெயில்ஸ் என்ற கூடமும் கொஞ்சம் கோணல்தான். அதை மறைப்பானேன்?

தளம் விழும்போதெல்லாம் ஒரு படம் வரும்: எட்டுக் குருவிகள் ஒரு திமிங்கலத்தைக் கயிறு கட்டித் தூக்கும். யியிங் லு என்ற ஓவியர் நண்பருக்குப் பிறந்தநாள் வாழ்த்தாக வரைந்தது. ட்விட்டர் அதைப் படச்சந்தையில் பிடித்தது. திமிங்கலம் அடிக்கடி தரிசனம் தந்ததில் அதற்கு ரசிகர் மன்றம், டி-ஷர்ட், பச்சை குத்தல் எல்லாம் வந்துவிட்டன. ஒரு கம்பெனியின் தோல்விக்கு மன்றம் வைத்த மக்கள்!

உச்சக்கட்டம் 2009 ஜூன். கேட்காமல் கொள்ளாமல் விழுந்தே பழகிய ட்விட்டர், ஒழுக்கமாக முன்கூட்டியே அறிவித்துப் பராமரிப்புக்காகக் கொஞ்ச நேரம் நிற்கப் போவதாகச் சொன்னது. ஈரானில் தேர்தல் போராட்டம் கொதித்து, அதன் செய்திகள் ட்விட்டர் வழியே வந்துகொண்டிருந்த நேரம். அமெரிக்க வெளியுறவுத் துறையே குறுக்கிட்டு, "கொஞ்சம் தள்ளி வையுங்களேன்" என்றது.

பிறகு உறுப்பு உறுப்பாக மாற்று அறுவை. ரூபியில் எழுதியிருந்த ஸ்டார்லிங் என்ற செய்தி வரிசை போய், ஸ்காலா என்ற மொழியில் கெஸ்ட்ரல் வந்தது. இரண்டும் பறவைப் பெயர்கள்: மைனா போய் வல்லூறு. தேடல் பகுதி ஜாவா மொழிக்குக் குடிபெயர்ந்தது. ரெயில்ஸில் ஒரு இயந்திரம் நொடிக்கு 200, 300 கோரிக்கைகளைப் பார்த்தது. புதிய கட்டுமானத்தில் 10,000 முதல் 20,000 வரை. "அப்பவே சொன்னேனே" கோஷ்டிக்குத் தீபாவளி. ஆனால் மாறியது மொழி மட்டுமல்ல, ஒரே பெரிய கட்டடத்தைத் தனித்தனிச் சேவைகளாக இடித்துப் பிரித்ததும் சேர்த்தி என்பதை அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கனடாவில் பனிச்சறுக்குப் பலகை விற்க டோபி லுட்கே ரெயில்ஸில் போட்ட கடை ஷாப்பிஃபையாக வளர்ந்து, இன்றைக்கும் அதே ரெயில்ஸில் தள்ளுபடிக் காலக் கூட்டத்தைச் சமாளிக்கிறது என்பதையும்தான்.

2013 ஆகஸ்ட். ஜப்பானியத் தொலைக்காட்சியில் இயக்குநர் மியாசாகியின் ஆகாயக் கோட்டைப் படம். கோட்டையைத் தகர்க்கும் மந்திரம் "பால்ஸ்". பாத்திரங்கள் அதைச் சொல்லும் நொடியில் தாங்களும் ட்வீட் செய்வது ரசிகர்களின் வழக்கம். அன்று ஒரே நொடியில் 1,43,199 ட்வீட். ஆஸ்டினில் ஒரு முழு நாளைக்கு வந்தது, இங்கே அரை நொடிக்குப் பற்றாது. ரூபி பிறந்த நாட்டு மக்கள், ரூபியைக் கழற்றிவிட்ட தளத்தின் மேல் ஒன்றுகூடி மந்திரம் ஓதினார்கள். திரையில் கோட்டை பொலபொலவென்று உதிர்ந்தது. ட்விட்டர் அசையவில்லை. அந்த ஆண்டே திமிங்கலத்துக்கு ஓய்வும் கொடுத்துவிட்டார்கள்.