ஆற்றுக்கப்பல் அனுபவஸ்தர்

ஜெர்மனியின் பாசாவ் நகரில், டான்யூப் கரையோரமாக வெள்ளை வெளேரென்று நீளமாய், தட்டையாய் நிற்கும் கப்பல்களில் எதில் ஏறினாலும் சரி, அவர் நமக்கு முன்பே ஏறியிருப்பார். எழுபதைத் தாண்டியவர். எத்தனை பை என்று அவருக்கே தெரியாத காற்சட்டை, கழுத்தில் தொங்கும் அறை அட்டை, போன ஆற்றின் பெயர் பொறித்த தொப்பி. ஊர் அமெரிக்காவில் ஒஹாயோவாக இருக்கலாம், இங்கிலாந்தில் கென்ட்டாக இருக்கலாம், ஆஸ்திரேலியாவாகவும் இருக்கலாம், ஆள் ஒருவர்தான். நாம் பெட்டியை உருட்டிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் கேட்பார்:

"உங்களுக்கு இதுதான் முதல் ஆறா?"

ஆமாம் என்றால் முகம் மலர்ந்துவிடும். "எங்களுக்கு இது நான்காவது. ரைன் முடித்தாயிற்று. ரோன் முடித்தாயிற்று. போன வருஷம் போர்ச்சுகலில் டோரோவும் முடித்தாயிற்று." இவர் போய் முடித்துவைக்கும்வரை அந்த ஆறுகள் பாதியில் நின்றுகொண்டிருந்தன என்பது போன்ற தொனி.

கடல் கப்பலைப் பற்றி அவரிடம் பேச்செடுக்கவே கூடாது. ஆயிரக்கணக்கில் கூட்டம், சூதாட்டக்கூடம், நீச்சல்குளம் நிறைய அடுத்தவர் வீட்டுப் பேரன்கள் என்று அடுக்கிவிட்டு உதட்டைப் பிதுக்குவார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ரைனுக்கும் டான்யூபுக்கும் போய்வர வேண்டிய ஆற்றுக்கப்பல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் 135 மீட்டர் நீளம், ஏறக்குறைய 11.4 மீட்டர் அகலம். அதற்குமேல் வளர வழியில்லை. ரைன் பக்கத்தையும் டான்யூபையும் இணைக்கும் கால்வாயில் கப்பலை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டிகளின் அகலமே 12 மீட்டர்தான். பக்கத்துக்கு ஒரு சாணும் கொஞ்சமும் மிஞ்சும். ஆகவே பயணிகள் பெரும்பாலும் இருநூறைத் தாண்டுவதில்லை. சில நிறுவனங்கள் பதினெட்டு வயதுக்குக் கீழே யாரையும் ஏற்றுவதே கிடையாது. அலை இல்லை, வாந்தி இல்லை, கரை கண்ணை விட்டு அகலுவதில்லை. பெட்டியை ஒரே ஒரு தடவை பிரித்தால் போதும். பெரும்பாலும் இரவில் கப்பல் நகர்கிறது, காலையில் ஊரின் நடுவிலேயே இறக்கிவிடுகிறது. சாப்பாடு, இரவு உணவோடு ஒயின், நாளுக்கு ஒரு சுற்றிக்காட்டல் எல்லாம் பல கப்பல்களில் முன்கூட்டியே கட்டிய பணத்தில் அடக்கம். சுருக்கமாக, வயதானவர் கவலைப்படுவதற்கு இங்கே எதுவுமே மிச்சம் வைக்கவில்லை.

நம் அனுபவஸ்தருக்கு அதுதான் இடி. நாற்பது வருஷம் ஏதோ ஓர் அலுவலகத்தில் அடுத்தவர் மறந்ததை எல்லாம் நினைவில் வைத்து உத்தியோகம் பார்த்தவர். கவலை அவருக்கு உடற்பயிற்சி. அதைச் செய்யாவிட்டால் மூட்டு பிடித்துக்கொள்ளும். கவலையே இல்லாத விடுமுறைக்குச் சில ஆயிரம் யூரோ கட்டிவிட்டு, ஏறிய மறுநிமிஷமே கவலையைத் தேடி அலைகிறார்.

முதலில் அகப்படுவது நாற்காலி. மாலை உணவுக்கு முன்னால், நாளைக்கு எந்த ஊர், எத்தனை மணிக்கு, குடை வேண்டுமா என்று முன்கூடத்தில் அறிவிப்பார்கள். மைக்கில் சொல்வதுதான் அச்சடித்து அறைக்கும் வரும். இருந்தாலும் முன்வரிசை வேண்டும். அரைமணி முன்னதாகவே ஒரு நாற்காலியில் அவருடைய ஸ்வெட்டரும் பக்கத்து நாற்காலியில் மனைவியின் துப்பறியும் நாவலும் உட்கார்ந்துவிடும். சாப்பாட்டுக்கூடத்தில் யார் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்பது விதி. இரண்டாவது இரவுக்குள் ஜன்னலோர மேசை ஒன்று அவருடையது என்பது எழுதப்படாத சட்டமாகிவிடும். தெரியாமல் நாம் உட்கார்ந்துவிட்டால் கோபிக்க மாட்டார். பக்கத்தில் நின்று புன்னகை செய்வார். சூப் ஆறும்வரை செய்வார்.

நாற்காலிக் கவலை மாலையோடு தீர்ந்துவிடும். நீர்மட்டக் கவலை அப்படியல்ல. அது புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே ஒஹாயோவில் தொடங்கிவிடுகிறது. ரைன் என்றால் காவுப் என்ற ஊரின் அளவுகோல், ஆஸ்திரியாவில் டான்யூப் என்றால் கீன்ஷ்டாக் அளவுகோல். காலையில் தன் ரத்த அழுத்தத்தைப் பார்க்கிறாரோ இல்லையோ, இதைப் பார்த்துவிடுவார். 2018 அக்டோபரில் காவுப் 25 சென்டிமீட்டருக்கு இறங்கியதை, சொந்தக்காரர் படுத்த படுக்கையான செய்தி போலத் தணிந்த குரலில் சொல்வார். "அப்படியானால் முழங்கால் ஆழம்கூட இல்லையா?" என்று நாம் கேட்டே ஆக வேண்டும், ஏனென்றால் அதற்குத்தான் காத்திருக்கிறார். "அங்கேதான் எல்லோரும் தப்புச் செய்கிறார்கள். அளவுகோல் காட்டுவது ஆற்றின் ஆழம் அல்ல! அளவுகோலின் பூஜ்யம் ஆற்றின் அடியில் இல்லை. கப்பல் போகும் தடம் அதைவிட ஒரு மீட்டருக்கு மேல் ஆழம்." இதைச் சொல்லி முடித்த அன்று அவர் இரண்டாவது கேக்கும் சாப்பிடுவார்.

தண்ணீர் கூடினாலும் அவருக்கு வேலை உண்டு. 2013 ஜூனில் பாசாவில் வெள்ளம் 12.89 மீட்டருக்கு ஏறியது. 1501-க்குப் பிறகு அந்த ஊர் காணாத உயரம். பழைய நகர மன்றத்துச் சுவரில் வெள்ளங்களின் உயரத்தை ஆண்டு போட்டுக் குறித்து வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் தேவாலயத்தைப் பார்க்க, அவர் அந்தக் கோட்டுக்குக் கீழே நின்று, கையை உயர்த்திக்காட்டிப் படம் எடுத்துக்கொள்வார். ஆறு பெருகினால் பாலத்துக்கும் கப்பலுக்கும் இடைவெளி போய்விடும். மேல்தளத்து நாற்காலி, கம்பி எல்லாவற்றையும் மடக்கிவிட்டு, மாலுமியின் அறையையே கீழே இறக்கிவிடுவார்கள். ஆறு வற்றினாலோ தரை தட்டும். இரண்டில் எது நடந்தாலும், பயணிகளைப் பேருந்தில் ஏற்றி, தடங்கலுக்கு அந்தப் பக்கம் காத்திருக்கும் அதே மாதிரிக் கப்பலில், பல சமயம் அதே எண்ணுள்ள அறையிலேயே கொண்டுபோய் விடுவார்கள். "இவ்வளவு பணம் கட்டிப் பேருந்திலா?" என்று கொதிப்பார். ஆனால் உள்ளூர அது ஒருமுறையாவது நடக்க வேண்டும் என்பதுதான் வேண்டுதல். ஒன்றுமே நடக்காத பயணத்தைப் பற்றி அடுத்த கப்பலில் என்ன பேசுவது?

வியன்னா, புடாபெஸ்ட் போன்ற ஊர்களில் கரையில் இடம் போதாமல் கப்பலை ஒட்டிக் கப்பலைக் கட்டுவார்கள். நாம் இறங்க வேண்டுமென்றால் பக்கத்துக் கப்பலின் வரவேற்பறை வழியாகத்தான் கரைக்குப் போக வேண்டும். அங்கே நம் கப்பலில் இருப்பதைவிடப் பெரிய பூச்சாடி இருந்தால் அன்றைய பொழுது போச்சு. இதைவிட முக்கியமானது காலைக் காட்சி. அறையில் பிரெஞ்சு பால்கனி என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். கண்ணாடிக் கதவு திறக்கும், திறந்ததும் கம்பி வரும், கால் வைக்க இடம் இருக்காது. பால்கனியில் பிரெஞ்சு மட்டும்தான் இருக்கிறது. காலையில் டான்யூபைத் தரிசிக்கலாமென்று அனுபவஸ்தர் திரையை விலக்குவார். கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்துக் கப்பலின் அனுபவஸ்தர், இடுப்பில் துண்டோடு, அதே நோக்கத்தோடு திரையை விலக்கியிருப்பார். இருவரும் கண்ணியமாகத் தலையசைத்துவிட்டுத் திரையை மூடிக்கொள்வார்கள். பிறகு கரையில் சந்தித்து, யார் கப்பலில் காபி மேல் என்று பேசிக்கொள்வார்கள்.

ஊர் சுற்றக் கிளம்பும்போது ஆளுக்கொரு காதுக்கருவி. முன்னால் எண் அட்டையைத் தூக்கிக்கொண்டு வழிகாட்டி நடக்கிறார். நடை வேகத்தைப் பொறுத்து குழு பிரிப்பார்கள். மெதுவாக நடப்பவர்களுக்கென்று தனிக் குழு உண்டு. அதில் பெயர் கொடுப்பது கௌரவக் குறைவு என்பதால் முழங்கால் போனவர்கள் எல்லோரும் சாதாரணக் குழுவில்தான் சேர்வார்கள். விளைவு, சாதாரணக் குழு ஊர்ந்து வருகிறது. மெதுக் குழுவில் சேர்ந்த இரண்டே இரண்டு பாட்டிகள் எல்லாவற்றையும் பார்த்து முடித்துக் காபிக்கடையில் இருக்கிறார்கள்.

இப்படிச் சுற்றிப் பார்க்கும் இடங்களில் ஒன்று மேல்க் மடம், மஞ்சள் சுவரோடு பாறைமேல் நிற்பது. பெனடிக்ட் துறவிகள் 1089-இல் வந்த இடம். இப்போது காணும் கட்டடத்தை 1702-இல் ப்ராண்ட்டாவர் என்ற கட்டடக் கலைஞர் தொடங்கினார். அதன் நூலகத்தில் நின்றால் எனக்கென்னவோ ஊர் திரும்பவே மனம் வராது என்று தோன்றும். அனுபவஸ்தரோ அங்கே கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அடுத்து டியூர்ன்ஷ்டைன், சிலுவைப்போரிலிருந்து திரும்பிய இங்கிலாந்து அரசன் ரிச்சர்டை 1192-இல் பிடித்துச் சிறைவைத்த கோட்டையின் இடிபாடு குன்றின்மேல் தெரிகிறது. கீழே தெருவெல்லாம் வாகவ் பள்ளத்தாக்கின் ஆப்ரிகாட் பழத்தில் செய்த ஜாம். அனுபவஸ்தருடைய ஐரோப்பாவோ வேறு வரைபடம்: எந்த ஊரில் கழிப்பறை இலவசம், எங்கே ஐம்பது சென்ட், எங்கே சில்லறை தர மாட்டார்கள். பழைய ஃபிலிம் டப்பா நிறைய நாணயம் வைத்திருப்பார். அவசரத்தில் யார் கேட்டாலும் ஒன்று எடுத்துக் கொடுப்பார், திருப்பி வாங்க மாட்டார். இந்த ஒரு குணத்துக்காகவே நாற்காலி விஷயத்தை மன்னித்துவிடலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாசாவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ஜெர்மனி–ஆஸ்திரியா எல்லையில் யோகன்ஷ்டைன் மதகு வரும். கப்பல் தொட்டிக்குள் நுழைந்து, தண்ணீரோடு சேர்ந்து சத்தமில்லாமல் கீழே இறங்கும். எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தாலும் அனுபவஸ்தர் கம்பளிக்கோட்டோடு வந்து நிற்பார். 793-இல் சார்லமேன் பேரரசன் ரைனின் கிளைகளையும் டான்யூபையும் சேர்க்க வெட்ட ஆரம்பித்து மழையில் கைவிட்டதையும், 171 கிலோமீட்டர் கால்வாயாக அது 1992-இல்தான் முடிந்ததையும் இருட்டில் யாரிடமாவது சொல்வார். கரையில் கிலோமீட்டர் பலகைகள் உண்டு. டான்யூபைக் கடலிலிருந்து மேல்நோக்கி அளந்திருப்பதால், பாசாவில் 2,200-க்கு மேல் இருக்கும் எண், போகப்போகக் குறைந்து புடாபெஸ்டில் 1,650 பக்கம் வந்துவிடும். அதில் அவருக்குத் தனிச் சந்தோஷம். அவருடைய மருத்துவ அறிக்கையில் குறைந்துகொண்டே வரும் எண் எதுவும் இல்லை.

அவர் மனைவி இந்தக் கவலை எதிலும் கலந்துகொள்வதில்லை. பரிமாறும் பிலிப்பைன்ஸ் பையனின் தங்கைக்கு எப்போது கல்யாணம், ருமேனியப் பெண் ஊருக்குப் போகும் மாதம் எது எல்லாம் அவருக்கு அத்துப்படி. கணவரோ, 1867-இல் அரங்கேறிய 'நீல டான்யூப்' வால்ட்ஸை அமைத்த ஸ்ட்ராஸ்மீது வழக்குப் போடாத குறை: "நீல டான்யூப் என்றான். மூன்று நாளாகப் பார்க்கிறேன், பச்சையாகத்தான் இருக்கிறது."

"கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள்."

இப்போதெல்லாம் மியூனிக்கிலோ ஃபிராங்க்ஃபர்ட்டிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் ஏற்றிவிட்ட நம்மூர்ப் பெற்றோரும் இந்தக் கப்பல்களில் கண்ணில் படுகிறார்கள். அவர்களைக் கண்டால் அனுபவஸ்தர் தத்தெடுத்துக்கொள்வார். நம்மவருக்கு இருப்பதோ ஒரே கவலை.

"ஏங்க, இந்தக் கேக்கும் டிக்கெட்லயே சேர்த்தியா, கடைசில பில்லு நீட்டுவானா?" என்பார் அம்மா.

"அந்த வெள்ளைக்காரர் ரெண்டு சாப்பிட்டாச்சு. அவருக்கு வரட்டும், பாத்துக்கலாம்."

பில் வராது, உறை வரும். கடைசி நாள் அறைக்குள் வைக்கும் அன்பளிப்பு உறை. நாளுக்கு இத்தனை யூரோ போட்டால் நல்லது என்று குறிப்பும் இருக்கும். அதையும் சேர்த்துத்தான் செலவுக் கணக்குப் போட வேண்டும். போகிறவர்கள் இன்னும் சிலவற்றைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் பல கப்பல்களில் அடித்தளத்துக்கும் மொட்டைத்தளத்துக்கும் போகாது. அடித்தள அறை மலிவு, ஆனால் ஜன்னல் தலைக்கு மேலே, தண்ணீர் அதற்குச் சற்றுக் கீழே. தெருக்கள் உருளைக்கல் பாவியவை; புதுச் செருப்போடு போக வேண்டாம். மெதுக் குழுவில் வெட்கமில்லாமல் பெயர் கொடுங்கள். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். பாசாவிலிருந்து வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட் வரை அந்த ஒரே விசா செல்லும். பெல்கிரேடு வரை போகும் கப்பலானால் ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறுகிறீர்கள், திரும்ப நுழைய வேண்டியிருந்தால் பலமுறை நுழையும் விசாவாகப் பார்த்து வாங்குங்கள்.