டிரம்மர் காது

கே.கே. நகரில் டிரம்ஸ் வாசிக்கிறவனை அடையாளம் காண டிரம்ஸ் தேவையில்லை. பின்பாக்கெட்டில் இரண்டு ஸ்டிக் துருத்திக்கொண்டிருக்கும். சிக்னலில் நின்றால் பெட்ரோல் டேங்க் மேல் விரல் ஓடும். டீக்கடையில் நின்றால் பிஸ்கட் பாட்டில் மூடிதான் அவனுக்கு ஹை-ஹேட். வடபழனியில் ஏவி.எம். ஸ்டுடியோ, சாலிகிராமத்தில் பிரசாத் ஸ்டுடியோ, நூறடிச் சாலையில் லக்ஷ்மன் ஸ்ருதி இசைக்கருவிக் கடை என்று சுற்றிலும் அமைந்துவிட்ட பேட்டையில் இந்த இனம் பெருகியதில் வியப்பில்லை. வியப்பு, அக்கம்பக்கத்தார் அவனைப் பற்றி ஒருமனதாக எழுதிவைத்திருக்கும் தீர்ப்பில்தான். திமிர் பிடித்தவன் என்கிறார்கள். சான்றுகளும் வைத்திருக்கிறார்கள்: கூப்பிட்டால் திரும்புவதில்லை, பேசினால் கத்துகிறான், மேடையில் உட்கார்ந்தால் சவுண்ட்காரரைப் பார்த்து ஆள்காட்டி விரலை மேலே மேலே குத்திக்கொண்டே இருக்கிறான், மாடியில் உட்கார்ந்தால் பாட்டே இல்லாமல் வெறும் அடியாக அடிக்கிறான். கீழ்வீட்டுப் பெரியவர்கள் அந்த அடியை மட்டும் வைத்து எந்தப் பாட்டு என்று பந்தயம் கட்டும் அளவுக்குத் தேறிவிட்டார்கள். சான்றுகள் அத்தனையும் உண்மை, தீர்ப்புதான் தப்பு. அவன் திமிர் பிடித்தவன் அல்ல, காது கேளாதவன். அதுவும் வாசிக்கும் நேரத்தில் மட்டும், அதாவது, இப்போதைக்கு.

டிரம்ஸ் செட்டின் நடுவே உட்கார்ந்திருப்பவன் கொஞ்சம் உற்சாகமாக வாசித்தாலே அவன் காதருகில் 100 டெசிபல் சாதாரணம். ஸ்னேரில் விழும் ஒரு ரிம்ஷாட் கண நேரத்துக்கு 120ஐயும் தாண்டிப் போகும். இந்த மனிதன் செல்போனில் ஒரு பாட்டைப் போட்டு, பக்கத்து ஸ்டூலில் வைத்து, அதோடு சேர்ந்து வாசிக்கப் பார்க்கிறான். முதல் அடி விழும் வரை பாட்டு நன்றாகவே கேட்கும். அதற்கப்புறம் நடப்பது காதுக்குள்ளே நடக்கிற கொள்ளை. பலத்த ஒலி ஒன்று ஒலிக்கும்போது, அதன் சுருதிக்குப் பக்கத்திலும் அதற்கு மேலேயும் இருக்கிற மெல்லிய ஒலிகளை உட்காது பிரித்தறிய முடியாமல் போகிறது. கிக் டிரம் பேஸ் கிடாரை விழுங்கும். சிம்பலின் இரைச்சல் பாடகரின் சொற்களை விழுங்கும். போதாததற்கு, பெரிய சத்தம் வந்தால் நடுக்காதில் உள்ள ஒரு குட்டித் தசை இறுகிக்கொண்டு கீழ்ச்சுருதி ஒலிகளை மட்டுப்படுத்தும். காதைக் காப்பாற்ற உடம்பு செய்துவைத்த ஏற்பாடு அது. ஆனால் டிரம்மர் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டிய பேஸ் கிடாரையும் அது சேர்த்தே அமுக்குகிறது. பல்லவியில் பாடுவது எஸ்.பி.பி.யா யேசுதாஸா என்பதே அவனுக்குச் சரணத்தில்தான் தெரியவரும், அங்கே தாளம் கொஞ்சம் அடங்குவதால்.

இதற்கு ஹெட்போன்தான் வழி என்றால், நம் ஊரில் இவனைவிடப் பெரிய தாளவாத்தியக்காரர்கள் அது இல்லாமல் வாழ்ந்து புகழோடு போகவில்லையா என்று கேட்கலாம். போனார்கள். தவில் சாதாரணச் சத்தமா? ஆனால் அதற்கு ஜோடியாக நம்மவர்கள் நிறுத்தியது நாகசுரத்தை. தவிலுக்குப் பணிந்து போகிற வாத்தியம் அல்ல அது. தெருமுனையில் திரும்பும்போதே கோயில் வாசலில் கேட்கும். மிருதங்கத்துக்கு வயலின் போதும் என்றால், மிருதங்கம் அந்த அளவில்தான் பேசும். இந்தச் சேர்க்கைகளெல்லாம் காது பார்த்துச் செய்தவை. சினிமாவிலும் வெகுகாலம் அப்படித்தான். பிடில்காரர்கள், புல்லாங்குழல், தபலா, பாடகர் எல்லாரும் ஒரே நேரத்தில் கூடிப் பதிவு செய்தார்கள். ஒருவர் தப்பினால் எல்லாருக்கும் முதலிலிருந்து ஆரம்பம். இளையராஜாவின் குழுவில் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமன் இசைக்குழுவை நடத்துகிறவராகவும் இருந்தார் என்பது தற்செயல் இல்லை என்று தோன்றுகிறது; தாளத்துக்கு உட்கார்ந்தவர் மற்றவர்களைக் கேட்டார், மற்றவர்களும் அவரைக் கேட்டார்கள். 1992இல் ‘ரோஜா’ வந்ததை ஒட்டிக் கம்ப்யூட்டர் கோடம்பாக்கத்தில் குடியேறியது. தாளம் முதலில் இயந்திரத்தில் அமைந்து, வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அதன்மேல் வாசித்துப் போகும் வழக்கம் பெருகியது. பாடகர் ஒரு சங்கதியை இழுத்தால் பழைய டிரம்மர் கூடவே இழுத்துக் கொடுப்பார். பதிவான பாட்டு யாருக்காகவும் நிற்காது. நாம் அதைக் கேட்கலாம், அது நம்மைக் கேட்காது. ஆகவே அந்தக் காலத்து ஆளுக்குக் காது பாதி வேலை செய்தால் போதும். இந்தக் காலத்துப் பையனுக்கு முழுசாகச் செய்ய வேண்டும். சரியாக அந்த நேரத்தில்தான் அது பாதிகூடச் செய்வதில்லை.

அவன் மனத்தில் முதலில் உதிக்கும் வைத்தியம், பெரிய ஸ்பீக்கர். தெருவுக்கு இது நரகம் என்பதை விடுங்கள், அவனுக்கே இது கணக்கில் உதைக்கும். 85 டெசிபலில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் வகுத்திருக்கும் வரம்பு. அதன்படி 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிடம். டிரம்ஸே அந்த நூறைத் தின்றுவிட்டது. பாட்டும் அதே நூறில் வந்து சேர்ந்தால் மொத்தம் 103. பிறகு மிஞ்சுவது ஏழரை நிமிடம், ஒன்றரைப் பாட்டு. மிக்ஸி ஓடும்போது டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவதா, சமையலறைக் கதவைச் சாத்துவதா என்கிற கேள்விதான் இது, சாத்துகிறவனே புத்திசாலி. காதை இறுக்கி மூடும் ஹெட்போன், நன்றாகச் செய்ததாக இருந்தால், இருபது இருபத்தைந்து டெசிபலைக் குறைக்கும். நூறு எழுபத்தைந்தாக இறங்கும். உள்ளே ஓடும் பாட்டு எண்பதில் இருந்தாலே டிரம்ஸுக்கு மேலே தெளிவாக நிற்கும். பாட்டைக் கேட்க வேண்டுமானால் காதை மூட வேண்டும் என்று டிரம்மரிடம் யார் சொன்னாலும் அவன் கிண்டல் என்றே எடுத்துக்கொள்கிறான். சத்தத்தை மின்சாரத்தால் ரத்து செய்யும் விலையுயர்ந்த ஹெட்போனை வாங்கிவந்து ஏமாறுகிறவர்களும் உண்டு. விமான இஞ்சின் போல ஒரே சீராக ஓடும் கீழ்ச்சுருதி இரைச்சலுக்குத்தான் அந்த வித்தை பலிக்கும். எதிர்பாராமல் விழுகிற ஸ்னேர் அடிக்கு வெறும் நுரைத்திண்டின் தடிமனே கதி.

இவ்வளவு தொல்லை எதற்கு, மெதுவாக வாசிக்கக் கூடாதா என்பது கீழ்வீட்டுக்காரரின் வாதம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணிக்கு மேல் 45 என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளே சொல்வதால் சட்டம் அவர் பக்கம். மெதுவாக வாசிப்பது அருமையான பயிற்சி என்பதும் உண்மை. ஆனால் ஸ்டிக் விழும் வேகம் குறைந்தால் தோலின் குரலே மாறிவிடும். ஓங்கி வாசித்துப் பதிந்த பாட்டைப் பூப்போல வாசித்துப் பழகினவன் மேடையில் வேறு ஒரு ஆளாகத்தான் உட்காருவான். சரி, எலெக்ட்ரானிக் பேட் வாங்கட்டுமே என்கிறார். வாங்கினான். ஹெட்போனுக்குள் பாட்டும் அடியும் கலந்து வருகின்றன, காதுப் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. கீழ்வீட்டுப் பிரச்சினை தீரவில்லை. மிதிக்கும் கிக் பெடலின் அதிர்வு காற்றில் போகாமல் தரைக்குள் இறங்கிக் கீழ்வீட்டுக் கூரையிலிருந்து தொப்தொப்பென்று விழுகிறது. முன்பு பாட்டில்லாத தாளம் கேட்ட பெரியவருக்கு இப்போது தாளத்திலும் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கிறது. பந்தயத்தில் தோற்க ஆரம்பிக்கிறார். இதற்குப் பலகையின் அடியில் டென்னிஸ் பந்துகளைப் பதித்து அதன்மேல் பேடை நிறுத்துவது உலகெங்கும் டிரம்மர்கள் கண்ட கைவைத்தியம். அதிர்வு கணிசமாகக் குறையும். தெருவில் கிரிக்கெட் ஆடும் பையன்கள் மட்டும் அவனைக் கொஞ்ச நாள் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

புளூடூத் இயர்போன் பற்றியும் பேட்டையில் ஒரு மூடநம்பிக்கை உலவுகிறது. அது ஒலியை 100, 200 மில்லிசெகண்ட் தாமதமாகத் தரும், ஆகவே டிரம்மருக்கு ஆகவே ஆகாது என்பார்கள். பாட்டை மட்டும் அதில் கேட்டு நிஜ டிரம்ஸ் வாசிக்கிறவனுக்கு இந்தத் தாமதத்தால் ஒரு நஷ்டமும் இல்லை. மொத்தப் பாட்டும் ஒரே அளவு பிந்தி வருகிறது, அவன் காதில் விழுந்ததோடு சேர்ந்து வாசிக்கிறான், ஒப்பிட்டுப் பார்க்க வேறு பாட்டு அந்த அறையில் இல்லை. எலெக்ட்ரானிக் பேடின் சத்தத்தையே புளூடூத் வழியாகக் கேட்டால்தான் விபரீதம். நிமிடத்துக்கு 120 எண்ணிக்கை ஓடும் பாட்டில் கால் எண்ணிக்கை என்பது 125 மில்லிசெகண்ட். தன் அடி தனக்கே கால் எண்ணிக்கை தள்ளிக் கேட்கும்போது எந்த மேதையும் தடுமாறுவான். அங்கே ஒயர் வேண்டும்.

இனி மேடை. கல்யாண ரிசப்ஷனில் அவன் விரலை மேலே குத்துவதற்குப் பொருள், “அண்ணே, எனக்கு பேஸே வரலண்ணே” என்பதுதான். பாதி வாத்தியங்கள் லேப்டாப்பிலிருந்து டிராக்காக வருகிற காலம் இது. டிராக்கின் ஒரு சேனலில் பாட்டு, மறு சேனலில் டிரம்மருக்கு மட்டும் தாளம் எண்ணிக் கொடுக்கும் கிளிக். ஒயரை மாற்றிச் சொருகிவிட்டால் பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாருக்கும் டிக் டிக் என்று அப்பளத்தோடு கிளிக் பரிமாறப்படும். சவுண்ட்காரர் அவன் பக்கம் கண்ணாடிப் பலகையைக் கொண்டுவந்து நிறுத்துவதும் உண்டு. அது சபைக்குத்தான் உபகாரம். அவன் அடித்தது அவனுக்கே திரும்பி வந்து காதில் மோதும். இந்த அவஸ்தை நம் மண்ணுக்கு மட்டும் உரியதல்ல. பிரிட்டிஷ் ராக் குழுவான தி ஹூவின் டிரம்மர் கீத் மூன், 1971 ஆல்பத்தின் சிந்தசைசர் பகுதிகளை மேடையில் டேப்பாக ஓடவிட்டு அதோடு வாசித்தபோது ஹெட்போன் மாட்டியே ஆக வேண்டியிருந்தது. 1978இல் ஷெப்பர்டனில் படமாக்கிய கச்சேரியில் அது கழன்று விழாதபடி தலையைச் சுற்றி டேப் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பேட்டைக்காரர்களும் அவரைச் சாதுவென்று சொன்னதில்லை. ஸ்டூலின் அடியில் பொருத்தி, கீழ்ச்சுருதியை அதிர்வாக மாற்றி உட்கார்ந்த இடத்திலேயே உணர்த்தும் கருவியும் இப்போது கடையில் கிடைக்கிறது. காது கைவிட்ட பேஸ் கிடாரை அங்கே வாங்கிக்கொள்ளலாம்; கௌரவக் குறைவு என்று நினைக்கக் கூடாது.

காதை மூடினால் தன் வாசிப்பின் நயம் தனக்கே தெரியாது என்கிற ஆட்சேபம் டிரம்மர்களிடமிருந்தே வருவது, அதில் நியாயமும் இருக்கிறது. அடி மங்கிக் கேட்பதால் கை தானாக ஓங்கும். ஒரு சின்ன மைக்கை வைத்து டிரம்ஸையும் கொஞ்சம் ஹெட்போனுக்குள் விட்டால் கை அடங்கும். அவர்கள் செய்வதோ வேறு: ஒரு காதை மூடி, ஒரு காதைத் திறந்து வைப்பார்கள். இது இரண்டும் கெட்டான் வேலை. இரண்டு காதும் சேர்ந்து கேட்கும்போது அதே ஒலி இன்னும் பலமாகத் தோன்றும். ஒன்றைக் கழற்றியதும் மற்றதில் அளவைக் கூட்ட வேண்டிவரும், திறந்த காது நூறு டெசிபலை முழுசாக வாங்கிக்கொள்ளும். புது சிம்பலுக்குத் தவணை கட்டத் தயங்காதவன் காதின் அச்செடுத்துச் செய்த அடைப்பானுக்கு விலை கேட்டதும் பஞ்சு போதும் என்று முடிவு செய்வான். பஞ்சு சிம்பலின் மேல்சுருதியைக் கொஞ்சம் குறைக்கும், கிக்கை ஏறக்குறைய அப்படியே விடும். வீட்டுத் தரப்பிலிருந்து மிஞ்சுவது ஒரே ஒரு புகார்: இரண்டு காதையும் மூடிக்கொண்டால் அம்மா தயிர் வாங்கிவரக் கூப்பிடுவது விழுவதில்லை. ஹெட்போனில் ஆயிரம் குற்றம் கண்டுபிடிக்கும் டிரம்மர் இந்த ஒன்றை மட்டும் குறையாகச் சொல்வதில்லை.