மற்றவை மாறாதிருக்கும்போது

போன ஞாயிறு ஒரு வளைகாப்பு. இலையில் புளியோதரை விழுந்து, தேங்காய் சாதம் இரண்டு இலை தள்ளி வந்துகொண்டிருந்தபோது பக்கத்து நாற்காலிச் சித்தப்பா முழங்கையால் இடித்தார். "ஏண்டா, நீ எக்கனாமிக்ஸ்தானே? தங்கம் இப்பவே வாங்கலாமா, ஆடி போகட்டுமா?"

நீங்களும் கேட்டிருப்பீர்கள். இல்லை என்று சாதிக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் எம்.ஏ. பொருளாதாரம் படித்த ஒருவன் பந்தியில் சுவரோரமாக உட்கார்ந்திருப்பான். தமிழ் எம்.ஏ.காரனிடம் யாரும் பாயசம் வருவதற்குள் ஒரு வெண்பா கேட்பதில்லை. எங்களிடம் மட்டும் சவரன் விலை.

இருக்கட்டும். நான் ஏன் எம்.ஏ. பொருளாதாரத்தில் போய்ச் சேர்ந்தேன் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதைச் சொன்னால் எல்லாம் விளங்கிவிடும். அதற்கு முன் சித்தப்பாவை முடித்துவிடுகிறேன்.

"மற்றவை மாறாதிருந்தால், சித்தப்பா..." என்று ஆரம்பித்தேன்.

"அது யாருடா மத்தவை?" என்றார்.

இரண்டு வருஷம் வகுப்பில் இருந்த எங்களில் ஒருவனுக்கும் இந்தக் கேள்வி தோன்றியதில்லை. விலை ஏறினால் வாங்குவது குறையும். தேவை விதி அவ்வளவுதான், கீரைக்காரம்மாவுக்கே தெரியும். ஆனால் அதன் வாலில் 'மற்றவை மாறாதிருக்கும்போது' என்று ஒட்டியாக வேண்டும். ஒட்டாவிட்டால் எங்கள் பேராசிரியர் இரண்டு மார்க் பிடித்துக்கொள்வார், வார்த்தைக்கு ஒன்று. யார் அந்த மற்றவை? வருமானம், ரசனை, பிற பண்டங்களின் விலை, மக்கள்தொகை, நாளை விலை என்னாகும் என்கிற எதிர்பார்ப்பு. இவ்வளவு பேரும் மூச்சுவிடாமல் நிற்க வேண்டும். அப்போதுதான் கத்தரிக்காய் விலைக்கும் நம் பைக்கும் உள்ள உறவு சரியாகத் தெரியுமாம்.

எங்கள் வீட்டில் இவர்கள் எல்லோரும் சேர்ந்தாற்போல் நின்ற மாதம் ஒன்றுகூடக் கிடையாது. அப்பாவுக்கு ஓவர்டைம் நின்றால் வருமானம் மாறிவிடும். தம்பி திடீரென்று வெண்டைக்காயைக் கண்டால் எழுந்துபோவான், ரசனை மாறிவிட்டது. தக்காளி ஏறினால் அம்மா புளிக்குப் போய்விடுவாள். அத்தை இரண்டு பிள்ளைகளோடு பரீட்சை லீவுக்கு வந்து இறங்குவாள். மக்கள்தொகை மூன்று கூடிவிட்டது. நாலு நாள் மழை பெய்தால் போதும், "வெங்காயம் ஏறப்போகுது" என்று அம்மா ஐந்து கிலோ வாங்கிப் பரப்புவாள், அது எதிர்பார்ப்பு. மற்றவை மாறாதிருந்தால் 7.40 பஸ் 7.40க்கு வரும். மற்றவை மாறாதிருந்தால் எனக்கு முன்வழுக்கை விழுந்திருக்காது. பெண் பார்க்கப் போன இடத்தில் "பையனுக்கு எப்ப வேலை கிடைக்கும்?" என்று கேட்டார்கள். என் வாயில் என்ன வந்தது என்று சொல்லத் தேவையில்லை. அந்தச் சம்பந்தம் அமையவில்லை.

தங்கத்துக்கு வருகிறேன். விலை ஏற ஏற நகைக்கடையில் கூட்டமும் ஏறுகிறது. விதி எங்கே போயிற்று? "இன்னும் ஏறிடும்னுதானே இப்பவே வாங்கறோம்" என்றாள் சித்தி, எதிர் வரிசையிலிருந்து. எதிர்பார்ப்பு மாறினால் தேவைக் கோடே முழுதாக வலப்பக்கம் நகர்ந்துவிடும் என்று நான் ஆறு பக்கம் படம் போட்டுப் படித்ததை அப்பளம் நொறுக்கும் நேரத்தில் சொல்லிவிட்டாள். அவள் பி.யூ.சி.

விலை ஏறினால் அதிகம் வாங்கப்படும் சரக்குக்கு 'கிஃபன் பண்டம்' என்று பெயர். ஏழைகளின் ரொட்டி அப்படி என்று கிஃபன் சுட்டிக்காட்டியதாகப் புத்தகத்தில் சேர்த்தவர் ஆல்ஃபிரட் மார்ஷல். கிஃபன் எழுதியதையெல்லாம் புரட்டிப் பார்த்தவர்களுக்கு அப்படி ஒரு வரி அகப்படவில்லை. "உங்க மாமாதான் சொன்னார்" என்று கல்யாண வீட்டில் எதையாவது கிளப்பிவிடுவார்களே, அந்தக் கதை. இதற்கு எனக்குப் பத்து மார்க் கேள்வி.

எகனாமெட்ரிக்ஸ் என்றொரு தாள் உண்டு. அதற்குப் பாடப்புத்தகம் எழுதியவர் தாமோதர் குஜராத்தி. "குஜராத்தி வாங்கணும், பணம் வேணும்" என்றேன். அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "இந்தியே வரல உனக்கு!"

சித்தப்பாவிடம் கடைசியில், எதிர்காலத்தை யாராலும் சொல்ல முடியாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு மோருக்கு நகர்ந்தேன். நேற்று போன் வந்தது. "சவரனுக்கு இறங்கியிருக்குடா. நான் திங்கக்கிழமையே வாங்கிட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? என்ன படிச்சியோ!" வாங்கச் சொன்னது அவருடைய நகைக்கடைக்காரர். திட்டு மட்டும் எனக்கு. இதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

எரிச்சலோடு இன்று சாயங்காலம் நானும் ஒரு நகைக்கடை வரிசையில் நின்றேன். பதினோரு மாத நகைச்சீட்டு, ஏழாவது தவணை. வட்டியைப் போட்டுப் பார்த்து வேண்டாம் என்று ஒரு தாளில் நான் எழுதிக் கொடுத்திருந்தேன். அந்தத் தாளை மடித்துத்தான் என் மனைவி சீட்டு அட்டையை அதற்குள் வைத்திருக்கிறாள்.

வரிசை நகரவில்லை. முன்னால் நின்றவர் திரும்பி, "சார் என்ன படிச்சிருக்கீங்க?" என்றார்.

உஷாரானேன். "பி.எஸ்ஸி. விலங்கியல்."

"நல்லதாப் போச்சு சார்," என்று இன்னும் நெருங்கி வந்தார். "எங்க வீட்டுப் பரண்ல ஒரு மரநாய் வந்து உக்காந்துகிட்டு..."