பைத்தியத்துக்கு இல்ல மாப்ளே, பாதத்துக்கு

ஏன் மாப்ளே, அந்த மாத்திரையைச் சீனி டப்பாவுக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கே? சர்க்கரைக்காரன் வீட்டுல அங்கதான் எவனும் கை வைக்கமாட்டான்னா? கால் எரியுதுன்னு போனே. சர்க்கரை நரம்பைத் தின்னிருக்குன்னு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தாரு டாக்டரு. நீ போன்ல தேடினே, ‘மனச்சோர்வு மாத்திரை’ன்னு வந்துச்சு, மூஞ்சி தொங்கிருச்சு. “மாமா, என்னைப் பைத்தியம்னு நினைச்சிட்டாரா?”ங்கறே. பச்சை அட்டைக்கு இத்தனை வருஷம் காத்துக் கெடக்கிறவனுக்கு மனச்சோர்வு வரலைன்னாத்தான் சந்தேகப்படணும்! அப்படியே மனசுக்குத்தான்னாலும் என்ன மானம் போகுது? கொலஸ்ட்ரால் கணக்கை மட்டும் எடிசன் ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரியறே.

கம்பவுண்டரா இருந்தவன் சொல்றேன், கேளு. உனக்குப் பக்கத்துல ராவேயில இருக்கே மெர்க் கம்பெனி, அவன்தான் 1961ல இதை ‘எலாவில்’னு மனச்சோர்வுக்கு இறக்கினான். அமெரிக்க அரசாங்கம் ஒப்புதல் குடுத்தது இன்னைக்கும் அது ஒண்ணுக்குத்தான். மாத்திரையோட வர்ற சீட்டுலயும் அதுதான் இருக்கும். ஆனா நரம்பு வலிக்கு, அக்கி ஆறியும் விடாத எரிச்சலுக்கு, ஒத்தைத் தலைவலி வராம இருக்கன்னு டாக்டருங்க எழுதிக்கிட்டேதான் இருக்காங்க. கால்ல கெளம்புற வலி தண்டுவடம் ஏறித்தானே மூளைக்குப் போகணும்? அதை அங்கயே அமுக்க நம்ம நரம்பே ஒரு சரக்கு சுரக்கும். அது சட்டுனு உறிஞ்சிப் போகாம இந்த மாத்திரை நிறுத்தி வைக்கும். மனச்சோர்வுக்கு 75, 150ன்னு போகும். உனக்குக் குடுத்தது ரசத்துல கிள்ளிப் போட்ட பெருங்காயம்.

இதோட பங்காளி இமிப்ரமினை, பாயை நனைக்கிற பிள்ளைகளுக்கு அரசாங்க ஒப்புதலோடயே குடுக்கறாங்க. அந்தப் பிள்ளை எந்தக் காதல் தோல்வியில மனசொடிஞ்சுது? இன்னொரு பங்காளி டாக்செபின், 2010ல இருந்து 3, 6 மில்லிகிராம்ல தூக்கத்துக்கு வந்திருச்சு.

எனக்கு இந்த அமிட்ரிப்டிலின் ஆகாது. கிழவனுக்கு ஒண்ணுக்கு அடைக்கும், தலை கிறுகிறுத்துக் கீழ தள்ளும். வயசானவங்களுக்கு வேண்டாம்னு இங்க முதியோர் மருத்துவச் சங்கமே பட்டியல்ல போட்டிருக்கு. உனக்கு இதயத் துடிப்புல கோளாறோ கண் அழுத்தமோ இருந்தா டாக்டர்கிட்ட மறைக்காதே. முதல் ராத்திரியே எரிச்சல் நிக்காது, சில வாரம் பிடிக்கும். நீயா திடீர்னு நிறுத்தாதே. வாய் வறளும், மீட்டிங்ல நீ கொஞ்சம் கம்மியாப் பேசுனா கம்பெனிக்கு லாபந்தான்.

சனிக்கிழமை பார்ட்டியில விஸ்கியைத் தொடாதே, ரெண்டும் சேர்ந்தா ஆளைச் சாய்ச்சிரும். ஊத்தின கிளாசைக் கொட்ட மனசு வரலைன்னா இப்படி என் பக்கம் நகர்த்து.