பொன்னாடையும் கட்டுமரமும்

கடல் சம்பந்தப்பட்ட எதற்கும் இப்போது அழைப்பிதழ் வருகிறது. வாட்ஸ்அப்பில்தான். மேலே வரிசையாக முத்திரைகள், நடுவில் மாமல்லபுரம் கலங்கரை விளக்கம், கீழே ‘அனைவரும் வருக’, அதற்கும் கீழே பொடி எழுத்தில் ‘முன்பதிவு அவசியம்’. ஏப்ரல் 5 தேசியக் கடல்சார் தினம். 1919இல் ‘லாயல்டி’ என்ற கப்பல் பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய நாள். ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய தினம். அன்று கடற்கரைக் கோயிலுக்கு டிக்கெட் வாங்க வேண்டாம். செப்டம்பர் 21 கலங்கரை விளக்க தினம். 1927இல் அதற்கென்றே சட்டம் வந்த நாள். நவம்பர் 19இலிருந்து ஒரு வாரம் மறுபடியும் பாரம்பரியம். எங்கள் பாட்டி வைத்திருந்த விரதப் பட்டியல் இதைவிடச் சின்னது.

எழுபதுகளின் கடைசியில் செங்கல்பட்டில் பள்ளிக்கூடம் படித்த எங்களுக்கு இத்தனை தினங்கள் இல்லை. வருஷத்துக்கு ஒரு சுற்றுலா. திருக்கழுக்குன்றத்தில் மலையேறிக் கழுகுக்குக் காத்திருந்து, அது வந்து சர்க்கரைப் பொங்கல் தின்றதைப் பார்த்துவிட்டு மல்லைக்குப் போவோம். அங்கே சாரின் சொற்பொழிவு மொத்தமும் இவ்வளவுதான்: “இதாண்டா மகாபலிபுரம். நல்லா பாத்துக்குங்க. நாலு மணிக்கு எவன் பஸ்ல இல்லியோ அவன் நடந்து வரட்டும்.” ஆர்வலர், வழிகாட்டி, விளக்கப் பலகை எதுவும் கிடையாது. பல்லவர் கலையை நாங்கள் முழுக்க டிரவுசரின் பின்பக்கத்தால் கற்றோம். வெண்ணெய்ப் பந்துப் பாறை நிற்கும் சரிவில் சறுக்கிச் சறுக்கி, வீட்டுக்கு வரும்போது துணியில் ஓட்டை இருக்கும். அதே பாறை முன்னால் 2019 அக்டோபரில் மோடியும் சீன அதிபரும் கைகோத்து நின்றார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் அதை டி.வி.யில் பார்த்தார்கள். பாறை அசையவில்லை, ஆனால் அதற்கும் டிக்கெட் வந்துவிட்டது.

கலங்கரை விளக்கத்தைப் பற்றி சார் சொன்ன ஒரே தகவல், “அது வெள்ளைக்காரன் கட்டினது.” அதில் தப்பில்லை. முதல் விளக்கு 1887 அக்டோபரில் எரிந்தது. இப்போதிருக்கும் கல் கோபுரம் 1904 முதல் வேலை செய்கிறது. அதற்கு ஆயிரத்துச் சொச்சம் வருஷம் முன்னால் கட்டிய ஒலக்கண்ணேஸ்வரர் கோயில் பக்கத்துப் பாறைமேல் உட்கார்ந்திருப்பதையும், அதன் தலைமேலும் கப்பலுக்காக விளக்கு வைத்திருந்தார்கள் என்பதையும் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அந்தக் கோயிலின் நிழலில்தான் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தோம். கடல்மல்லையில் பொருள் சுமந்து இயங்கிய கலங்களைத் திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார் என்பதும் தெரியாது. தமிழ் ஐயாவுக்குத் தெரியும். ஆனால் சுற்றுலாவுக்கு டிரில் மாஸ்டரைத்தான் அனுப்புவார்கள்.

இப்போது எல்லாவற்றையும் சொல்கிறார்கள். பாதுகாப்புக் காரணத்தால் பத்து வருஷம் போல் பூட்டிக் கிடந்த கோபுரம் 2011இல் திறந்தது. பக்கத்திலேயே கடல்சார் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். பழைய விளக்குகள், ஒளியைத் திரட்டி அனுப்பும் கண்ணாடி வில்லைகள், கருவிகள் எல்லாம் துடைத்துப் பளபளவென்று இருக்கின்றன. 2024 பிப்ரவரியில் தூத்துக்குடியில் நடந்த விழாவில், நாடு முழுக்க 75 கலங்கரை விளக்கங்களில் சுற்றுலா வசதிகளைப் பிரதமர் தொடங்கி வைத்தார். ஆக, கப்பல்காரனுக்காக ஏற்றிய விளக்கு இப்போது நமக்காகவும் எரிகிறது. கப்பல்காரனுக்கு ஜி.பி.எஸ். வந்துவிட்டது, செல்ஃபி எடுப்பவனுக்குக் கோபுரம் வேண்டியிருக்கிறது. விளக்கு வேலை செய்த காலத்தில் விளக்கம் இல்லை. விளக்கம் வந்தபோது விளக்குக்கு வேலை குறைந்துவிட்டது.

குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நானும் போகிறவன்தான். டீ கொடுக்கிறார்கள், மின்விசிறி ஓடுகிறது, பேரப்பிள்ளைக்குச் சான்றிதழ் கிடைக்கிறது. ஆனால் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எந்த இடம், யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம், நல்ல மனிதர்கள். ‘மீனவர் மரபறிவு’ என்று தலைப்பு. அறை நடுவில் ஒரு கட்டுமரம், சுற்றிக் கயிறு, ‘தொடாதீர்கள்’ பலகை. கரையோரக் குப்பத்திலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்திருந்தார்கள். எழுபதைத் தாண்டியவர். வெளுத்த வேட்டி, தோளில் துண்டு. வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, மூவருக்கும் பொன்னாடை, பெரியவருக்கும் ஒன்று. ஒன்றேகால் மணி நேரம் கழித்து மைக் அவரிடம் வந்தது. “ஐயா, நேரம் குறைவா இருக்கு. ரெண்டே நிமிஷம் உங்க அனுபவத்தைச் சொல்லுங்க.”

அவர் மைக்கை வாங்கவில்லை. கட்டுமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், “இத அவுக்கவே மாட்டீங்களா?”

அமைப்பாளர் சிரித்தார். “இது காட்சிக்கு வச்சதுய்யா.”

“அதில்ல சார். மரம் கட்டியே கெடந்தா தண்ணி குடிச்சுடும். கரைக்கு வந்ததும் கயித்த அவுத்து ஒவ்வொரு மரமா மேல தூக்கிப் போட்டுக் காயவைப்போம். மறுநா கடலுக்குப் போகச்சொல்லத் திரும்பக் கட்டுவோம். அவுக்காம வச்சா அது கட்டுமரமே இல்ல சார், வெறகு.”

முதல் வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அதோடு முடித்திருப்பார்கள், பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி விடவில்லை. “தாத்தா, மரத்துக்கு நடுவுல சந்து இருக்கே, தண்ணி உள்ள வராதா?”

பெரியவர் முகம் அப்போதுதான் மலர்ந்தது. “வரும்மா. வந்துட்டுப் போயிடும். போட்டுல தண்ணி வந்தா எறைக்கணும். இதுல எறைக்க ஒண்ணுமில்ல. அதான் இது முழுகாது.” கயிற்றைத் தாண்டி உள்ளே போய், பலகையைத் தள்ளி வைத்துவிட்டு, முனையில் முடிச்சு எப்படி விழும் என்று காட்ட ஆரம்பித்தார். குனிந்தபோது பொன்னாடை நழுவி முகத்தில் விழுந்தது. அதைச் சுருட்டித் தலையில் முண்டாசாகக் கட்டிக்கொண்டார். பிள்ளைகள் எல்லாம் நாற்காலியை விட்டு எழுந்து கட்டுமரத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். வாடை அடித்தால் வலையை எந்தப் பக்கம் விடுவது, கச்சான் அடித்தால் எப்போது திரும்புவது, கரையில் கோயிலும் மலையும் எப்படி ஒரே கோட்டில் வந்தால் மீன் இருக்கும் இடம் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். நன்றியுரைக்காரர் மேடையில் தாளைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அன்றைய நிகழ்ச்சி என்று ஒன்று நடந்ததென்றால், அது நிரலில் இல்லாத அந்தக் கால் மணி நேரம்தான்.

அந்தக் குப்பத்தில் இப்போது கட்டுமரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 2004 சுனாமி மரங்களை அடித்துக்கொண்டு போனது. நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் ஃபைபர் போட்டுகள். உயிரையும் வீட்டையும் பறித்த அதே கடல், கரையோர மணலை அரித்து, செதுக்கிய பழைய பாறைகளை வெளியே காட்டிவிட்டுப் போனது. அடுத்த ஆண்டு கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே தொல்லியல் துறை தோண்டியபோது இன்னொரு கோயிலின் அடித்தளம் கிடைத்தது. ஆராய்ச்சியாளர்கள் கற்களைக் கணக்கெடுத்தார்கள். மீனவர்கள் மரங்களைக் கணக்கெடுத்தார்கள். ஒரு பட்டியல் வளர்ந்தது, ஒன்று தேய்ந்தது.

எல்லாமே தேய்ந்தது என்று ஒப்பாரி வைக்கவும் வழியில்லை. உடைந்த பலகையைப் பிடித்துக்கொண்டு அலைமேல் வந்தால், அன்று எங்கள் பக்கத்துக் குப்பங்களில் பையனுக்கு முதுகு பழுக்கும். கோவளத்து மீனவர் மூர்த்தி மேகவன் அதையே பள்ளிக்கூடமாக நடத்தினார்; 2013இலிருந்து அங்கே அலைச்சறுக்குத் திருவிழா நடந்தது. 2023 ஆகஸ்டில் உலக அலைச்சறுக்கு லீகின் தகுதிப் போட்டியும், 2025 ஆகஸ்டில் ஆசியப் போட்டியும் மாமல்லபுரத்துக்கே வந்தன. அடி வாங்கிய தலைமுறையின் பிள்ளைகள் மெடல் வாங்குகிறார்கள். 1992இல் அர்ச்சுனன் தபசு முன்னால் நாட்டிய விழா தொடங்கியபோது உள்ளூர்க்காரர்களுக்கு எட்டியது பெரும்பாலும் மிருதங்கச் சத்தம்தான். அலைச்சறுக்கில் அவர்கள் மேடையிலேயே இருக்கிறார்கள். இந்த வித்தியாசம் சாதாரணமானதல்ல.

இத்தனை விழாக்களுக்கும் மூத்த விழா ஒன்று எந்த வாட்ஸ்அப் அழைப்பிதழும் இல்லாமல் வருஷாவருஷம் நடக்கிறது. மாசி மகம். பௌர்ணமிக்கு முதல் நாள் சாயங்காலமே செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் பக்கத்து இருளர் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு மல்லைக் கடற்கரைக்கு வந்துவிடும். நாலு கம்பு நட்டுப் புடவையைச் சுற்றினால் கூடாரம் தயார். இரவு முழுக்கச் சமையல், பாட்டு, ஆட்டம். கோபித்துக்கொண்டு கடலுக்குள் போன கன்னியம்மாளை இறங்கி வரச் சொல்லிக் கூப்பிடுவது அவர்கள் ஐதீகம். விடியும் நேரத்தில் ஈர மணலைக் கையால் தட்டித் தட்டி ஏழு படி கட்டுகிறார்கள். படிக்குப் படி மஞ்சள், பூ, பழம். பொட்டு கலையாமல் இருக்கும்போதே அலை வந்து கீழ்ப்படியை எடுத்துக்கொள்ளும், யாரும் பதறுவதில்லை. அங்கேயே பெண் பார்க்கிறார்கள், நிச்சயம் செய்கிறார்கள், தாலி கட்டுகிறார்கள், பிள்ளைக்கு மொட்டை அடித்துக் காது குத்துகிறார்கள். அதே நாளில் ஸ்தலசயனப் பெருமாளும் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு வருகிறார்.

என் சின்ன வயதில் இந்தக் கூட்டத்தைக் கண்டால் சில பெரிய மனிதர்கள் ஒதுங்கிப் போவார்கள். அவர்களுடைய பேரன்கள் இன்று ட்ரோனோடு வருகிறார்கள். ஒதுங்கிப் போனவர்கள் எதையும் பார்க்கவில்லை. வந்து நிற்பவர்கள் திரையைப் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் கன்னியம்மாள் ஒன்றும் சொல்லவில்லை.

அருங்காட்சியகக் கூட்டங்களில் அடிக்கடி ஒரு கவலை எழும்: “சமூகத்தின் பங்கேற்பு போதவில்லை, மக்களை எப்படி இங்கே வரவழைப்பது?” அதற்குத் துணைக் குழு போடுவார்கள். எனக்கு அந்தக் கவலை பிடிபடவில்லை. மக்கள் ஏற்கெனவே வந்து, சமைத்துச் சாப்பிட்டு, சம்பந்தம் பேசி, கல்யாணத்தையும் முடித்துவிட்டார்கள். அழைக்கப்பட வேண்டியது அருங்காட்சியகம்தான். அடுத்த மாசி மகத்தன்று ஒரு பழைய விளக்கையும் அந்தக் கட்டுமரத்தையும் மணலுக்குக் கொண்டு வரட்டும். குப்பத்துப் பெரியவர் அவிழ்த்துக் காட்டுவார். அவிழ்த்ததைத் திரும்பக் கட்டப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பாய் விரித்து உட்கார இடமும் கொடுப்பார்கள், சோறும் போடுவார்கள். பொன்னாடையை மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. இருக்கிற புடவையெல்லாம் கூடாரத்துக்கே போதாது.